ராடு செலவுதான் பள்ளிக்கூடம்

தொழிற்பள்ளி தொடங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் இடத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். "ரோட்டு மேலயே அரை ஏக்கர் கிடக்குது சார், ஒரு ஷெட்டு போட்டா எவ்ளோ ஆவும்?" என்பார்கள். ஒரு பையனுக்கு மாதம் எத்தனை கிலோ வெல்டிங் ராடு கொடுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தக் கணக்கோடு இதுவரை யாரும் வந்ததில்லை. ஷெட்டுக்கு ஒருமுறை பணம் போட்டால் போதும். ராடு தினமும் எரியும். கையில் கொஞ்சம் பணத்தோடு தொடங்கும் பள்ளி பிழைப்பதும் படுப்பதும் அந்தத் தினச் செலவில்தான் இருக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சின்ன வெல்டிங் பயிற்சிக்கூடத்தை நடத்திக் கற்றது இதுதான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தவன். 1998இல் ஹூண்டாய் அங்கே கார் தயாரிக்கத் தொடங்கியதும் சுற்றிலும் சப்ளையர் கம்பெனிகள் முளைத்தன. 2010இல் ஒரகடத்துக்கு ரெனால்ட்-நிசான் வந்தது. 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு. கம்பெனி பஸ்கள் இருட்டோடு எங்கள் கிராமங்கள்வரை வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயின. ஊரே வேலைக்குப் போகிறது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். உள்ளே நின்று பார்த்த எனக்குத்தான் தெரியும், எங்கள் பையன்கள் எங்கே நின்றார்கள் என்று. லோடிங், பேக்கிங், ஹெல்ப்பர். வெல்டிங் லைனில் நின்றவர்கள் வெளி மாவட்டத்துக்காரர்கள், வெளி மாநிலத்துக்காரர்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் கேட்டுக்கு வெளியே நிற்பவன் ஹெல்ப்பர். கையில் தொழில் இருப்பவனுக்கு அடுத்த கேட் திறக்கும்.

செங்கல்பட்டில் அரசு ஐ.டி.ஐ இருக்கிறது, கட்டணமும் கிடையாது. ஆனாலும் எங்கள் கிராமங்களில் ஒரு கூட்டம் அந்தப் பக்கம் போகவே இல்லை. பத்தாவதில் நின்றவன், அப்பா இல்லாததால் பகலில் கல்குவாரிக்கோ களத்துமேட்டுக்கோ போகிறவன், இருபத்தைந்து வயதாகி இனி எந்த வகுப்பில் உட்காருவது என்று கூச்சப்படுகிறவன். இவர்களுக்கு மாலை நேரத்தில், ஊருக்குள், ஒரே ஒரு தொழில் சொல்லித் தர வேண்டும் என்பதுதான் திட்டம். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அறக்கட்டளை பதிவு செய்தோம். கையிருப்பு நாலு லட்சம் ரூபாய்.

அந்தப் பணத்தில் முறையான தனியார் ஐ.டி.ஐ தொடங்க முடியாது. ஒவ்வொரு ட்ரேடுக்கும் இத்தனை சதுர மீட்டர் பட்டறை, இன்னின்ன கருவி, இத்தனை கிலோவாட் மின்சாரம், பயிற்றுநருக்கு இன்ன தகுதி என்று மத்தியப் பயிற்சித் தலைமை இயக்ககம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் நாலு லட்சம் சுற்றுச்சுவரோடு தீர்ந்துபோயிருக்கும். அரசுத் திட்டங்களின் குறுகிய காலப் பயிற்சி இன்னொரு வழி. அதில் பணம் தவணை தவணையாக வரும். கடைசித் தவணை, படித்தவனுக்கு வேலை கிடைத்ததற்குச் சான்று காட்டிய பிறகுதான். அதுவரை கைப்பணத்தைப் போட்டு ஓட்டக்கூடியவர்களுக்கே அது ஆகும். அதனால் அங்கீகாரத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் தொழில் என்று இறங்கினோம்.

இடத்துக்காக ஊரெல்லாம் தேடியபோது பலரும் காட்டியது கீற்றுக் கொட்டகை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் கருகிப்போன பிறகு, பள்ளி என்ற பெயரில் யாரும் கீற்றின் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. தீப்பொறியே பாடமாக இருக்கும் இடத்தில் அது பேச்சுக்கே இல்லை. கடைசியில் கிடைத்தது ஓட்டம் நின்றுபோன ஒரு ரைஸ் மில். உயரமான கூரை, இரண்டு பக்கமும் காற்று, சிமெண்டுத் தரை, வெளியே நெல் காய வைக்கும் களம். எல்லாவற்றுக்கும் மேலாக த்ரீ ஃபேஸ் இணைப்பு வந்து போன இடம். புது இணைப்புக்கு டெபாசிட் கட்டிக் காத்திருக்கும் செலவு அதில் மிச்சம். பக்கத்து நிலத்துக்காரர் நல்ல மனதோடு, "என் மோட்டார் கொட்டாயிலேர்ந்து ஒயரு இழுத்துக்கோயேம்பா, எனக்கு ஃப்ரீ கரண்டுதானே" என்றார். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் வெல்டிங் மெஷின் ஓட்டினால் அவருடைய இணைப்புக்கே ஆபத்து என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். தனியார் கல்வி நிறுவனங்களுக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டண வகை உண்டு. மில்லுக்குரிய வகையிலிருந்து அதற்கு மாற்ற எழுதிக் கொடுத்தோம். பொதுக் கட்டட உரிமத்துக்குத் தாசில்தார் அலுவலகம், தீயணைப்புத் துறை, சுகாதாரச் சான்று என்று அலைந்ததைத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை; தொடங்குகிற எல்லாரும் அலைய வேண்டியதுதான். அந்த மாதங்களின் வாடகையையும் முதலீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாமான் வாங்குவதில் பழையது எது, புதியது எது என்று பிரித்துக்கொண்டோம். வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர், பெஞ்ச் வைஸ், பட்டறைக் கல் இவை மூன்றும் பழையதாக இருந்தால் குற்றமில்லை. மூடிய பட்டறைகளில் நல்லதே கிடைக்கும். இன்வெர்ட்டர் மெஷின் கைக்கு அடக்கமானது, கரண்டும் குறைவாக இழுக்கும். ஆனால் எங்கள் பக்கத்து வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் அதன் போர்டு போய்விடும். அதனால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எப்போதும் ஓட்டத்தில் இருக்கும்படி வைத்துக்கொண்டோம். கேபிள், ஹோல்டர், எர்த் கிளாம்ப், தோல் கையுறை, ஷீல்டு, கறுப்புக் கண்ணாடி இவற்றில் பழையது என்ற பேச்சே கிடையாது. மெஷினில் ஆர்க் இல்லாமல் சும்மா நிற்கும்போது ஹோல்டரில் எண்பது வோல்ட்வரை இருக்கும். ஐப்பசி மழையில் நனைந்த கையோடு, தோல் உரிந்த கேபிளைத் தொட்டால் அது போதும். கண்ணாடி சரியில்லாவிட்டால் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டதாக எரியும். உருளைக்கிழங்கை வெட்டி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பையன் அப்படி ஒரு ராத்திரி பட்டால், மறுநாள் அவன் தெருவிலிருந்தே யாரும் வர மாட்டார்கள்.

மாஸ்டர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரோடு வந்து சேர்ந்தவர். 1955இல் அந்தத் தொழிற்சாலை ஸ்விஸ் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு தொடங்கியதே முழுக்க வெல்டிங் செய்த இரும்பு ரயில் பெட்டிகளைக் கட்டத்தான். அங்கே கை பழகியவருக்குக் கோணல் பொறுக்காது. "சம்பளம் நீ குடுக்கறதக் குடு. ஆனா ராடு எண்ணிக் குடுத்தீன்னா நான் வர மாட்டேன்" என்றார். அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

அந்த நிபந்தனையின் அர்த்தம் வகுப்பு தொடங்கியதும் புரிந்தது. புதிதாக வருகிறவன் ராடைத் தகட்டில் வைத்ததும் அது ஒட்டிக்கொள்ளும். பிடுங்குவான், மறுபடி ஒட்டும். தீக்குச்சி உரசுகிற வேகத்தில் உரசி, ராடின் கனத்தளவே இடைவெளி விட்டு நிறுத்தப் பழக வேண்டும். அதற்குள்ளாகவே பல ராடுகள் போய்விடும். பன்னிரண்டாம் கேஜ், அதாவது இரண்டரை மில்லி ராடுக்குச் சுமார் எழுபதிலிருந்து தொண்ணூறு ஆம்பியர். பத்தாம் கேஜுக்கு நூறிலிருந்து நூற்று முப்பது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட ஐந்து நிமிஷம் போதும். ஆனால் ஆம்பியர் கூடினால் எப்படிச் சீறும், குறைந்தால் எப்படித் திக்கும் என்பதைக் காதுதான் படிக்க வேண்டும். மாஸ்டர் பையன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சத்தத்தை வைத்தே, "மூணாவது பெஞ்சு, ராடைக் கிட்ட கொண்டு போ" என்பார். முதலில் படுக்கை வசத்தில் பீட் ஓட்ட வேண்டும். கசடைத் தட்டி, பிரஷ் போட்டுப் பார்த்தால் மீன் செதில் மாதிரி அலை சீராக இருக்க வேண்டும். பிறகு கிடைமட்டம், செங்குத்து, கடைசியில் தலைக்கு மேல். செங்குத்தில் உருகிய இரும்பு கீழே வழியும். தலைக்கு மேலே என்றால் கழுத்துக்குள் விழும். ஒவ்வொரு வசத்துக்கும் முதலிலிருந்து ராடு எரிக்க வேண்டும்.

பணம் குறைந்த பயிற்சிக்கூடங்கள் பலவற்றில் என்ன நடக்கும் என்றால், மாஸ்டர் ஒட்டிக் காட்டுவார், இருபது பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், நோட்டில் படம் வரைவார்கள். கட்டடம் இருக்கும், மெஷின் இருக்கும், போர்டு இருக்கும். ராடு பீரோவில் பூட்டியிருக்கும். அப்படிப் படித்து வந்தவர்களைக் கம்பெனியில் சோதித்துப் பார்த்தவன் நான். பேப்பரில் எல்லாம் தெரியும், கை நடுங்கும்.

அதனால் மாதச் செலவில் முதல் வரி மாஸ்டர் சம்பளம், இரண்டாவது ராடு, மூன்றாவது கரண்டு, நாலாவதுதான் வாடகை என்று வைத்துக்கொண்டோம். இரும்பில் மிச்சம் பிடிக்க வழி இருந்தது. புதுத் தகடு வாங்குவதில்லை. ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய ஆறு மில்லித் துண்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கி, இரண்டு பக்கமும் ஒட்டிப் பழகி, திரும்பக் காயலான் கடைக்குப் போட்டோம். சோதனைக்கும் பெரிய செலவு இல்லை. எல் வடிவில் ஒட்டிய துண்டை வைஸில் கடித்துச் சம்மட்டியால் அடித்து உடைப்போம். உடைந்த இடத்தில் ஊசிக்கண் ஓட்டை இருக்கிறதா, கசடு சிக்கியிருக்கிறதா, வேரில் உருகாமல் விட்டிருக்கிறதா என்பதை அவனவன் கண்ணாலேயே பார்ப்பான். மதிப்பெண் போட வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில் ராடு ஈரம் வாங்கிக்கொண்டால் வெடித்து வெடித்து எரியும் என்பதால், ஒரு பழைய மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு அடுக்கி வைத்தோம்.

எங்கள் ஊருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் ஒரு கல்வெட்டு உண்டு. பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தது. கோயிலைச் சார்ந்து நடந்த ஒரு கல்லூரி, அதன் மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை ஆகியவற்றின் செலவுக் கணக்கை அது வரி வரியாகச் சொல்கிறது. ஆசிரியருக்கு இவ்வளவு நெல், மாணவர் சாப்பாட்டுக்கு இவ்வளவு, படுக்கப் பாய், ராத்திரி விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலை முழுக எண்ணெய், மருத்துவருக்கும் மூலிகை கொண்டுவருகிறவருக்கும் கூலி. இவையெல்லாம் நடந்தது கோயிலுக்குள் இருந்த சனநாத மண்டபத்தில். வரலாறு தெரிந்த நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் விளக்கியபோது, இந்தக் கணக்கை எழுதியவருக்குப் பள்ளி நடத்தத் தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. விளக்கெண்ணெயைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். தினம் தீர்ந்துபோகும் பொருளுக்குத்தான் நிலையான வருமானம் வேண்டும்.

எங்களுக்கு நிலம் எழுதி வைக்க ராஜா இல்லை. கட்டணத்தை உயர்த்தினால் யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் வர மாட்டார்கள். மிஞ்சியது ஒரே வழி: வகுப்பிலேயே வேலை எடுத்துச் செய்வது. இதில் எனக்கு முன்மாதிரி புனே மாவட்டத்துப் பாபல் கிராமம். ஹிந்துஸ்தான் லீவரில் விஞ்ஞானியாக இருந்த கல்பாக் 1983இல் அங்கே விஞ்ஞான ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளியில் நின்றுபோன பிள்ளைகள் ஊராருக்குத் தேவையான வேலைகளைச் செய்து கொடுத்தே தொழில் கற்பது அவருடைய முறை. எங்கள் ஊருக்கு அது பொருந்திப் போனது. நடவுக்கு முன்பு சேறு அடிக்கும்போது டிராக்டரின் கேஜ் வீல் உடையும். உடைந்தால் அன்றைக்கே வேண்டும். ஜன்னல் கிரில், மாட்டுக் கொட்டகைக் குழாய், கோழிக் கூண்டு, குவாரி டிப்பரின் ஓரத் தகடு என்று வேலை தேடி வந்தது.

வேலை வந்தால் வம்பும் சேர்ந்து வரும். கை தேர்ந்த இரண்டு பையன்களை வைத்தே எல்லா ஆர்டரையும் முடித்துவிடலாம். காசும் சீக்கிரம் வரும். அப்படிப் போனால் பள்ளி பட்டறையாகிவிடும். மற்றவன் எடுபிடியாகவே நிற்பான். கம்பெனியில் ஹெல்ப்பராக நின்றதை இங்கேயும் நிற்க வைத்ததாக ஆகும். மாஸ்டர் ஒரு முறை வகுத்தார். உடைத்துப் பார்க்கும் சோதனையில் தேறிய வசத்தில் மட்டும் ஒருவன் ஆர்டர் வேலையில் கை வைக்கலாம். ஒரே மாதிரி வேலை இரண்டு முறைக்கு மேல் ஒருவனுக்குக் கிடையாது. மூன்றாவது முறை அடுத்தவனுக்கு. இதனால் வேலை தாமதமாகும், அதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுவோம். அவசரம் என்கிறவர்களைப் பஜாரில் இருக்கும் பட்டறைகளுக்கு அனுப்பிவிடுவோம். நம்மோடு போட்டிக்கு வருகிறார்கள் என்று முகம் சுளித்திருந்த அந்தப் பட்டறைக்காரர்கள் அதற்குப் பிறகு சமாதானமானார்கள். இப்போது எங்கள் பையன்களை முதலில் வேலைக்கு எடுக்கிறவர்களே அவர்கள்தான்.

ஆர்டர் காசு கைக்கு வந்ததும் கணக்குக் கேள்வி எழும். பையன்கள் உழைப்பில் சார் வீடு கட்டுகிறார் என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கிளம்பினால் முடிந்தது. எங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் நீண்ட ஞாபகம் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைச் சாசனங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அந்தப் பக்கமே வர முடியாது என்கின்றன அவை. நாங்கள் செய்தது சின்ன காரியம். மில் சுவரில் ஒரு போர்டு. மாதா மாதம் வரவு, சம்பளம், ராடு கிலோ, கரண்டு பில், ஆர்டர் வருமானம், அதில் பையன்களுக்குக் கொடுத்த பங்கு. படிக்கத் தெரிந்த எவரும் உள்ளே வந்து பார்க்கலாம். இந்தப் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் ஊர்க்காரர் ஒருவர், "ராடு செலவை மட்டும் மூணு மாசத்துக்கு நான் பாத்துக்கறேன் தம்பி, பேரு கீரு போட வாணாம்" என்றார். கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் கல்வெட்டு கேட்பார்கள். தீர்ந்துபோகும் பொருளுக்குக் கொடுக்கிறவர் மனது வேறு.

கட்டணம் வாங்குவதிலும் ஊரின் நடப்பைப் பின்பற்றினோம். மாதம் ஐந்தாம் தேதி என்று கேட்டால் எவரிடமும் இருக்காது. நெல் அறுத்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கணக்கில் பணம் ஏறிய பிறகு கேட்டால் பாக்கி இல்லாமல் வந்துவிடும். அறுப்புக் காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அந்த வாரங்களை மெஷின் பழுது பார்க்க ஒதுக்கினோம். பெரிய இழப்பு வேறிடத்தில். கம்பெனி ஆள் எடுக்கிறது என்றால் பாதிப் படிப்பில் கிளம்பிவிடுவார்கள். தடுக்க முடியாது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வார லீவில் வந்து தொடரலாம், கட்டிய பணம் அப்படியே இருக்கும் என்று சொல்லி அனுப்பினோம். திரும்பி வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். எதற்காகக் கற்கிறோம் என்பது அவர்களுக்கு உள்ளே போய்ப் பார்த்துத் தெரிந்திருந்தது.

சான்றிதழ்தான் எங்கள் பலவீனம். அதை மறைத்து யாரையும் சேர்த்ததில்லை. "பயிற்சியே வாணாம் சார், சர்ட்டிபிகேட் மட்டும் நாங்க தரோம், ஆளுக்கு இவ்ளோ" என்று தரகர்கள் வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நேர்வழி ஒன்று இருக்கிறது. தொழிலில் அனுபவம் உள்ளவர்கள் ஐ.டி.ஐயில் படிக்காமலே தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அதற்கு அறிவிப்பு வெளியிடும். எங்களிடம் கற்று, பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்து விண்ணப்பம் போட வைப்பது இப்போது என் வேலையில் பாதி. கை ஏற்கெனவே தயார். ஒர்க்ஷாப் கணக்கும் வரைபடமும் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுக்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. "கண்ணு கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு யாருப்பா கட்டுவான்?" என்று ஒரு அம்மா கேட்டார். கறுப்புக் கண்ணாடியை அவர் முகத்துக்கே பிடித்து ஆர்க் அடித்துக் காட்டினார் மாஸ்டர். அந்த அம்மாவின் பெண் இன்று ஒரு கம்பெனியில் சி.ஓ.டூ வெல்டிங்கில் நிற்கிறாள். ஆனால் 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐயிலோ கல்லூரியிலோ சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது; 2024இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. அங்கீகாரம் இல்லாத எங்களிடம் சேர்ந்தால் அது கிடைக்காது. ஆகவே தகுதியுள்ள பிள்ளைகளை நாங்களே விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அரசு ஐ.டி.ஐக்கு அனுப்புகிறோம். நம் எண்ணிக்கை குறையும், குறையட்டும். அந்தக் கதவு எட்டாதவர்களுக்காகத்தான் இந்த மில்லைத் திறந்தோம்.

இனி தொடங்கப் போகிறவர்களுக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பதை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்குக்குள் இடமும் மெஷினும் முடிய வேண்டும். முடியாவிட்டால் மெஷினைக் குறையுங்கள், பாதுகாப்புச் சாமானைக் குறைக்காதீர்கள். இரண்டு பங்கு, ஒரு வருஷத்துக்கு மாஸ்டர் சம்பளமும் ராடும் கரண்டும். கட்டணமே வராது என்று வைத்துக்கொண்டு போட வேண்டிய கணக்கு இது. அது எத்தனை பேருக்குப் போதுமோ அத்தனை பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேர். ஊரில் எது உடைகிறது, எந்த மாதத்தில் உடைகிறது என்று ஒரு வருஷம் கவனித்துவிட்டுத் தொழிலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது ட்ரேடைப் பற்றி, முதல் ட்ரேடு தன் ராடைத் தானே சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு பேசுங்கள். எங்களிடம் எலக்ட்ரீஷியன் வகுப்பு தொடங்கச் சொல்லிப் பல வருஷமாகக் கேட்கிறார்கள். ஒயரும் சுவிட்சும் எம்.சி.பியும் மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று இந்த ஆடியில்தான் விலை கேட்டு வந்திருக்கிறேன்.